வானம் ஏன் படத்தில் மட்டும் வெளுத்துப்போகிறது?

பொங்கல் விடுமுறையில் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மாலை நாலு மணிக்கு மேல்தான் போவார்கள். கல்தரையில் சூடு தணிந்திருக்கும், வெயிலும் சாய்ந்திருக்கும். கேரளாந்தகன் வாயிலையும் ராஜராஜன் வாயிலையும் தாண்டி உள்ளே நுழைந்தால் எதிரே நந்தி மண்டபம், அதற்குப் பின்னால் 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிற விமானம். எல்லோரும் அங்கேயே நின்று கேமராவைத் தூக்குவார்கள். நானும் தூக்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் விமானம் கரிக்கட்டை மாதிரி இருக்கிறது, வானம் வெள்ளைத்தாள் மாதிரி இருக்கிறது. கண்ணால் பார்த்தபோது நீலமாகத்தானே இருந்தது என்று கேமராவைத் திட்டினேன்.

அதே மாலை, பத்து நிமிடம் கழித்து, தெற்குப் பக்கத் திருச்சுற்றில் நடந்துகொண்டிருந்தபோது வடக்கே அண்ணாந்து பார்த்து ஒரு படம் எடுத்திருந்தேன். அதில் விமானம் தேன் நிறம், பின்னால் வானம் நல்ல கருநீலம். கேமரா அதேதான், செட்டிங்கும் அதேதான். நான் நின்ற இடமும் பார்த்த திசையும்தான் வேறு.

பெரிய கோயில் கிழக்கு பார்த்தது. வாசல் வழியாக நுழைகிறவர் மேற்கே பார்க்கிறார். தை மாத மாலையில் சூரியன் தென்மேற்கில் தாழ்ந்திருக்கும், கிட்டத்தட்ட அவர் முகத்துக்கு எதிரே. தெற்கே போய் வடக்கு நோக்கி நின்றால் அதே சூரியன் இடது தோளுக்குப் பின்னால் போய்விடுகிறது. ஆழ்ந்த நீல வானம் வேண்டுமென்று ஃபில்டர் தேடுகிறோம், ஆப் தேடுகிறோம். அதற்கு முன்னால் தேட வேண்டியது சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை. அதற்குச் சூரியனை நிமிர்ந்து பார்க்கக்கூட வேண்டாம், குனிந்து உங்கள் நிழலைப் பார்த்தால் போதும். நிழல் உங்களுக்குப் பின்னால் விழுந்தால் எதிரே உள்ள வானம் வெளுக்கும். முன்னால் விழுந்தால் நீலம் வரும். பக்கவாட்டில் விழுந்தால் நீலமும் வரும், எதிரே இருக்கிற பொருளில் மேடுபள்ளமும் தெரியும்.

நீலம் எங்கிருந்து வருகிறது

வானத்தில் நாம் பார்க்கிற நீலம் காற்று சிதறடித்த வெயில்தான். காற்று மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகமிகச் சிறியவை. அவ்வளவு சிறிய துகள்கள் குறைந்த அலைநீளமுள்ள ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். எவ்வளவு அதிகம் என்பதை 1871-ல் ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு கணக்காகவே கொடுத்தார்: சிதறல், அலைநீளத்தின் நான்காம் மடிக்கு எதிர்த்தகவில் இருக்கும். நீலத்தை 450 நானோமீட்டர் என்றும் சிவப்பை 700 என்றும் வைத்துக்கொண்டால், நீலம் சிவப்பைவிடக் கிட்டத்தட்ட 6 மடங்கு சிதறுகிறது. அப்படிப் பார்த்தால் ஊதா இன்னும் அதிகம் சிதற வேண்டுமே என்று கேட்கலாம். சிதறுகிறது. ஆனால் வெயிலில் ஊதா குறைவு, நம் கண்ணும் ஊதாவைச் சரியாகப் பிடிப்பதில்லை.

இது சுத்தமான காற்றின் கதை. நம் தலைக்கு மேலே இருப்பது அதுவல்ல. தூசு, புகை, கடலோரத்து உப்புத்திவலை, ஈரப்பதம் எல்லாம் கலந்தது. இந்தத் துகள்கள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும். நீலத்தில் பால் ஊற்றியது போல ஆகிவிடும். இன்னொன்று, பெரிய துகள்கள் ஒளியை முன்னோக்கியே அதிகம் தள்ளும். அதனால்தான் சூரியன் இருக்கிற பக்கத்து வானம் எப்போதும் வெள்ளையாக இருக்கிறது. சூரியனை ஒரு தூணுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அதைச் சுற்றியுள்ள வானத்தைப் பாருங்கள். அந்த வெள்ளை வட்டம் பெரிதாக இருந்தால் அன்று காற்றில் அழுக்கு அதிகம் என்று அர்த்தம்.

அடிவானம் வெளுப்பதற்கும் காரணம் உண்டு. உச்சியில் பார்க்கும்போது ஒரு பங்கு காற்றின் ஊடாகப் பார்க்கிறோம் என்றால், அடிவானத்தில் அதைப்போல் 38 மடங்கு காற்றின் ஊடாகப் பார்க்கிறோம். அத்தனை முறை சிதறிய பிறகு நீலம் நீலமாக மிஞ்சாது. ஆகவே ஆழ்ந்த நீலம் வேண்டுமானால் அடிவானத்தை விட்டுக் கொஞ்சம் மேலே பார்க்க வேண்டும். கோபுரம், பனைமரம், பாறைக்குன்று மாதிரி நெட்டுக்குத்தாக நிற்பவை நீல வானத்தோடு நன்றாக வருவதும், தட்டையான வயல்வெளிக்கு மேலே வானம் சோகையாக வருவதும் இதனால்தான்.

நாளும் பொழுதும்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலைதான் இதற்குச் சிறந்த நாள். காற்றிலுள்ள தூசியை மழை இறக்கிவிட்டிருக்கும், வானத்தைக் கழுவிக் கவிழ்த்த மாதிரி இருக்கும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையின் இடைவெளிகளும், அது முடிந்த பின் வருகிற தை மாதமும் நல்ல காலம். சித்திரை, வைகாசி வெயிலில் கண் கூசுகிற அளவுக்கு வெளிச்சம் இருக்கும், வானம் மட்டும் சாம்பல் பூத்துக் கிடக்கும். வெளிச்சம் அதிகம் என்பதற்கும் வானம் தெளிவு என்பதற்கும் சம்பந்தமில்லை.

மார்கழி, தையில் இன்னொரு வசதி. சூரியன் நாள் முழுக்கத் தெற்குப் பக்கமாகவே போகிறது. தஞ்சாவூரில் டிசம்பர் 21 வாக்கில் நண்பகலில்கூட அது 56 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. அதனால் வடக்கு வானம் நாள் முழுக்க நல்ல நீலமாகவே கிடைக்கும். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் அதே ஊரில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தட்டையான வெளிச்சம். அந்த நேரத்தில் கேமராவை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

உயரமும் உதவும். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வளிமண்டலத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கே காலுக்குக் கீழே போய்விடுகிறது. ஈரமும் தூசியும் பெரும்பாலும் அந்தக் கீழ்ப்பங்கில்தான் இருக்கும். லடாக் போய் வந்தவர்களின் படங்களில் வானம் கிட்டத்தட்டக் கருத்துத் தெரிகிறதே, அதில் பாதியாவது உண்மை. கொடைக்கானலில் 2,343 மீட்டர் உயரத்தில் 1899-ல் சூரிய ஆய்வகம் அமைத்தவர்களுக்கும் தேவைப்பட்டது இந்தத் தெளிவான வானம்தான்.

கேமரா செய்கிற தப்பு

திசையும் நாளும் சரியாக அமைந்தும் வானம் வெளுத்தால், அது எக்ஸ்போஷர் பிரச்சினை, அதாவது கேமரா உள்ளே விடுகிற வெளிச்சத்தின் அளவில் வருகிற பிரச்சினை. கேமராவுக்குக் கோயிலும் தெரியாது, வானமும் தெரியாது. படச் சட்டத்துக்குள் வருகிற வெளிச்சத்தைச் சராசரி பார்த்து, அதை நடுச்சாம்பல் (கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள சாம்பல்) அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். சட்டத்தில் பாதி இருண்ட கல்லோ மரமோ இருந்தால், 'அடடா, இருட்டாக இருக்கிறதே' என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கல் தெரியும், வானம் போய்விடும்.

வானம் எப்படிப் போகிறது என்பதைக் கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. நீல வானத்தில் நீலத்தின் எண்தான் மற்ற இரண்டையும்விடப் பெரியது. வெளிச்சத்தைக் கூட்டக் கூட மூன்றும் ஏறும்; நீலம் முதலில் 255-ல் முட்டி நின்றுவிடும். பச்சை ஏறிக்கொண்டே வந்து அதோடு சேரும்போது வானம் ஒரு வெளிறிய பச்சைநீலமாக மாறும். கடைசியில் சிவப்பும் வந்து முட்டினால் வெள்ளை. உங்கள் படத்தில் வானம் அந்தச் சோகையான பச்சைநீலத்தில் இருந்தால், வெளிச்சம் கொஞ்சம் கூடிப்போயிற்று என்று தெரிந்துகொள்ளலாம்.

தீர்வு எளிது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் பக்கம் மூன்றில் ஒரு பங்கு முதல் ஒரு ஸ்டாப் வரை இறக்குங்கள் (ஒரு ஸ்டாப் இறக்கினால் வெளிச்சம் பாதியாகும்). அதற்குமேல் இறக்கினால் நிழல் பகுதிகளில் பிறகு புள்ளிபுள்ளியாக இரைச்சல் வரும். ஃபிலிம் காலத்து ஆட்கள் செய்த ஒரு காரியமும் எனக்குப் பிடிக்கும்: கேமராவைச் சூரியனுக்கு எதிர்ப்பக்கத்துத் தெளிந்த வானத்தை நோக்கித் திருப்பி, அங்கே அளவெடுத்து, அந்த அளவைப் பூட்டிக்கொண்டு, அப்புறம் காட்சிக்குத் திரும்பி எடுப்பது. அந்த வானத்தின் பிரகாசம் நடுச்சாம்பலுக்கு நெருக்கமானது என்பதால், வெயில் விழுகிற எல்லாமே ஏறக்குறைய சரியாக வந்துவிடும். அளவெடுக்க எதுவுமே இல்லையென்றால் பழைய 'சன்னி 16' விதி இருக்கிறது. நல்ல வெயிலில் அப்பெர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப் 16, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100 என்றால் ஷட்டர் திறந்திருக்க வேண்டியது நொடியில் நூறில் ஒரு பங்கு. எஃப் 8-க்கு வந்தால் நானூறில் ஒரு பங்கு.

ஒளியின் நிறச்சாயலைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸை 'டேலைட்'டில் வைத்துவிடுங்கள். 'கிளவுடி'யில் வைத்தால் படம் முழுக்க மஞ்சள் ஏறி நீலம் மங்கும். முடிந்தால் ரா ஃபைலாக, அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற கோப்பாக, எடுங்கள். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா ஃபைலில் 16,384. பிறகு வானத்தை இருட்டாக்கும்போது இந்த வித்தியாசம் பட்டைபட்டையாக, சில நேரம் அசிங்கமாக, கண்ணுக்குத் தெரியும்.

போலரைசரும் ராமனும்

ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால் போலரைசரை வாங்குங்கள். மற்ற ஃபில்டர்கள் செய்வதில் பெரும்பகுதியைக் கணினியில் செய்துகொள்ளலாம். இது செய்வதைக் கணினியில் முழுசாகச் செய்ய முடியாது, ஏனென்றால் இது ஒளி லென்ஸுக்குள் வருவதற்கு முன்பே அதில் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்துகிறது.

ஒளி அலை எல்லாத் திசையிலும் அதிரும். காற்றில் சிதறி வரும்போதும், தண்ணீரிலோ இலையிலோ பட்டுத் தெறிக்கும்போதும் அது பெருமளவு ஒரே தளத்தில் அதிரத் தொடங்கிவிடும். பள்ளிப் பாடத்தில் தளவிளைவு என்று படித்திருப்போம். போலரைசர் ஒரு தளத்தில் அதிர்கிற ஒளியை மட்டும் விடும். அதைச் சுழற்றினால் எந்தத் தளம் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். நீல வானத்தின் ஒளி தளவிளைவு அடைந்தது, ஆகவே இருளும். மேகத்தின் ஒளி நீர்த்திவலைகளுக்குள் பலமுறை முட்டி மோதிக் கலைந்து வருவது, ஆகவே அது இருளாது. வெள்ளை மேகம் நீலத்திலிருந்து எழுந்து நிற்கும். இலைகளின் மேல் இருக்கும் வெள்ளைப் பளபளப்பு போய் உண்மையான பச்சை வெளியே வரும்.

இந்தக் கருவியோடு நமக்கு ஒரு பழைய உறவு இருக்கிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 1921-ல் இங்கிலாந்து போய் வந்தபோது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து அசந்துபோனார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று ராலே சொல்லியிருந்தார். ராமன் கப்பல் தளத்தில் நின்று நிக்கோல் பட்டகம் ஒன்றின் வழியாகக் கடலைப் பார்த்தார். அது அந்தக் காலத்துப் போலரைசர்தான். அதைத் தக்கபடி திருப்பி நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பை அணைத்த பிறகும் நீலம் குறையவில்லை, இன்னும் கூடியது. அப்படியானால் தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது. நர்குண்டா கப்பல் பம்பாய்த் துறைமுகம் வந்ததும் இதை எழுதி அனுப்பினார். அங்கே தொடங்கிய வேலை 1930-ல் நோபல் பரிசில் முடிந்தது. கடற்கரையில் போலரைசரைச் சுழற்றும்போது அலையின் மினுமினுப்பு மறைந்து உள்நீலம் தெரியுமே, அவர் பார்த்தது அதைத்தான்.

போலரைசர் எல்லாத் திசையிலும் வேலை செய்யாது. சூரியனிலிருந்து 90 பாகை தள்ளியுள்ள வானத்தில்தான் அதன் முழு வேகமும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: ஆட்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டுங்கள் (நிழலை வைத்துத் திசையைப் பிடியுங்கள், சூரியனை உற்றுப் பார்க்காதீர்கள்). கட்டைவிரலைச் செங்குத்தாக விரியுங்கள். இப்போது மணிக்கட்டைச் சுழற்றினால் கட்டைவிரல் காட்டுகிற இடமெல்லாம் வானம் அதிகம் இருளும் பட்டை. காலையிலும் மாலையிலும் அந்தப் பட்டை தலைக்கு மேலாக வடக்கு தெற்காக ஓடும். சூரியனை நேராகப் பார்த்தோ, சூரியனுக்கு நேர் முதுகைக் காட்டியோ நின்றால், எவ்வளவு சுழற்றினாலும் ஒன்றும் நடக்காது. ஃபில்டர் கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப்போனவர்களை எனக்குத் தெரியும்.

அகலக் கோண லென்ஸில் இது காலை வாரிவிடும். 16 மில்லிமீட்டர் லென்ஸ் முழுச்சட்டக் கேமராவில் (35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) ஏறக்குறைய 97 பாகை அகலத்தைப் பார்க்கிறது. அந்த அகலத்துக்குள் வானத்தின் ஒரு பகுதி நன்றாக இருளும், மறுபகுதி இருளவே இருளாது. நடுவில் மசி கொட்டிய மாதிரி ஒரு கறை விழும். ஒரு பயணம் முழுக்க இப்படியே எடுத்துத் தள்ளிவிட்டு, ஒரு படத்தையும் தேற்ற முடியாமல் போன அனுபவம் எனக்கு உண்டு. 24 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் போலரைசரைக் கழற்றிவிடுவது நல்லது. முழுசாகச் சுழற்றாமல் பாதியில் நிறுத்துவதும் ஒரு வழி. உயரமான மலையூர்களில் அதுதான் சரி, ஏற்கெனவே இருண்ட வானத்தை முழுப் போலரைசர் கறுப்பாகவே ஆக்கிவிடும்.

வானவில் வந்தால் எச்சரிக்கை. வானவில்லின் ஒளியும் தளவிளைவு அடைந்ததுதான், தப்பாகச் சுழற்றினால் அது காணாமலே போய்விடும்.

நீலத்துக்குப் பக்கத்தில் என்ன வைப்பது

இதுவரை நீலத்தை ஆழமாக்குவது பற்றிச் சொன்னேன். நீலம் எவ்வளவு ஆழம் என்று கண் முடிவு செய்வது பக்கத்தில் இருக்கிற நிறத்தை வைத்துத்தான். தனி நீல வானத்தைப் படமெடுத்தால் வெறும் நீலத்தாள். அதே வானத்துக்குக் கீழே தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடு வந்தால் கதை வேறு. திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரியில் இரும்பு ஆக்சைடு கலந்த செம்மணல் மேடுமேடாகக் கிடக்கும், நடுநடுவே பனை. செம்மஞ்சள் நீலத்துக்கு எதிர்நிறம். இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். காலை எட்டு மணி வாக்கில் வெயில் பக்கவாட்டில் விழும்போது காற்று போட்ட வரிகள் ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நிற்கும். நிறத்தில் ஒரு வேறுபாடு, வெளிச்சத்தில் ஒரு வேறுபாடு, இரண்டும் ஒரே சட்டத்தில். கான்ட்ராஸ்ட் என்று சொல்வது இந்த இரண்டையும் சேர்த்துத்தான். புதிதாக எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதை மட்டும் ஸ்லைடரில் கூட்டிவிட்டு முதலாவதை மறந்துவிடுகிறார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உப்பளம். வெள்ளை உப்புக் குவியலும் நீல வானமும் இன்னொரு ஜோடி. அங்கே கேமரா நேர்மாறான தப்பைச் செய்யும்: எல்லாம் வெள்ளையாக இருக்கிறதே என்று வெளிச்சத்தைக் குறைத்து உப்பை அழுக்காக்கிவிடும். ஹிஸ்டோகிராமைப் (இருட்டு இடது, வெளிச்சம் வலது என்று காட்டும் வரைபடம்) பார்த்து, வலது ஓரத்தில் முட்டாத அளவுக்குக் கொஞ்சம் கூட்டுங்கள்.

கறுப்பு வெள்ளையில் நிறமே கிடையாது, வெளிச்ச வேறுபாட்டை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்க வேண்டும். 1927 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் யோசெமிட்டியில் புகைப்படக் கலைஞர் அன்செல் ஆடம்ஸ் ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். வானம் வெறும் சாம்பலாக வந்துவிடும், தனக்குள் எழுந்த பிரமிப்பு அதில் வராது என்று உடனே தோன்றியது. கையில் மிச்சமிருந்தது படம் பதிகிற கண்ணாடித் தகடு ஒன்றே ஒன்று. ஆழ்ந்த சிவப்பு ஃபில்டரை மாட்டி அதில் எடுத்தார். சிவப்பு ஃபில்டர் நீல ஒளியைத் தடுத்துவிடும், ஆகவே வானம் கிட்டத்தட்டக் கறுப்பாக, பாறை அதன் முன்னால் செங்குத்தாக நின்றது. இன்று வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது நீலத்தின் ஸ்லைடரை இறக்கினால் அதே வேலை நடக்கும். தகட்டை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

எடிட்டிங் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன். எடிட்டிங் ஆப் லைட்ரூமோ ஸ்னாப்சீடோ, முதலில் கை போவது சாச்சுரேஷனுக்கு, அதாவது நிறச் செறிவுக்கு. அதைத் தூக்கினால் வெள்ளைத் துணிக்குச் சொட்டு நீலம் அதிகமாகிப்போன மாதிரி வானம் திட்டுத்திட்டாக ஆகும். லைட்ரூமில் நீலத்துக்கு மட்டும் லூமினன்ஸ் என்று ஒன்று இருக்கும், அதைப் பத்து பதினைந்து புள்ளி இறக்கிப் பாருங்கள். நிறத்தின் அளவைத் தொடாமல் பிரகாசத்தை மட்டும் குறைப்பதால் நீலம் இயல்பாக ஆழமாகும். அதிகம் இறக்கினால் கோபுர விளிம்பில் வெள்ளைக்கோடு மாதிரி ஓர் ஒளி படரும். அது தெரிந்தவுடன் பாதி திரும்பி வந்துவிடுங்கள்.

போனில் எடுப்பவர்களுக்கும் மேலே சொன்ன எல்லாம் பொருந்தும். முதலில் லென்ஸைத் துடையுங்கள், வேட்டி நுனியே போதும். விரல்பிசுக்கு ஒளியைச் சிதறடித்துக் கான்ட்ராஸ்ட்டைத் தின்றுவிடும். பெரும்பாலான போன்களில் திரையில் வானத்தைத் தொட்டு, பக்கத்தில் வருகிற சூரியக் குறியைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும். உங்கள் கூலிங் கிளாஸ் போலரைஸ்டு வகையா என்று பாருங்கள்: லேப்டாப் திரைக்கு முன்னால் பிடித்துச் சுழற்றினால் ஒரு கோணத்தில் திரை கறுத்துப்போக வேண்டும். கறுத்தால் அதையே போன் லென்ஸுக்கு முன்னால் பிடித்துத் திருப்பித் திருப்பி எடுக்கலாம். கண்ணாடியின் பழுப்பு நிறம் படத்தில் ஏறும், ஒயிட் பேலன்ஸில் சரிசெய்துகொள்ளலாம்.

பிறகு, சூரியன் இறங்கியதும் போலரைசரைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். அது ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைச் சாப்பிடும். வெயிலில் உறைக்காது. நான் ஒருமுறை அதை மாட்டிக்கொண்டே ஊர்த் தேர்த்திருவிழாவை இரவு முழுக்க எடுத்துவிட்டு, அத்தனை படமும் ஏன் ஆடியிருக்கிறது என்று ஒரு வாரம் யோசித்தேன்.